கோழிக்கூண்டாகிப் போன கூட்ஸ் பெட்டி: எந்த ரயிலுடையது?

ஜனவரி 9, வந்த கேள்வி

"அண்ணா, சான் ஹோசேயில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர் சான்டா குரூஸ் மலைப்பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கிறார். கொல்லையில் நீளமாக ஒரு மரக் கொட்டகை. முன்பு இருந்தவர்கள் அதில் கோழி வளர்த்திருக்கிறார்கள். அது கொட்டகையே இல்லை, பழைய நேரோ கேஜ் (குறுகிய பாதை) ரயிலின் கூட்ஸ் பெட்டி என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். சக்கரம் இல்லை, கம்பெனித் தகடு இல்லை. படத்தைப் போட்டுத் தேடினால் கொலராடோ என்று வருகிறது. இடித்துவிட்டு கார் நிறுத்த ஷெட் போடலாம் என்று நினைக்கிறார். நீங்கள்தான் சனிக்கிழமை ஆனால் ஆர்டன்வுட் பண்ணையின் பழைய ரயில் பக்கம் போய்விடுகிற ஆளாயிற்றே, பார்த்துச் சொல்லுங்கள். 6 படம் இணைத்திருக்கிறேன்."

ஜனவரி 9, இரவு

இடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 10

கொலராடோ இல்லை. நேரோ கேஜ் என்று தட்டினாலே கொலராடோதான் வரும், அங்கே டென்வர் அண்டு ரியோ கிராண்டே ரயில் அவ்வளவு காலம் ஓடியது, அவ்வளவு படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். 1904ல் அமெரிக்கன் கார் அண்டு ஃபவுண்டரி ஒரே வரிசையில் 750 பாக்ஸ் கார், அதாவது மூடிய கூட்ஸ் பெட்டி, செய்து கொடுத்தது, 3000 முதல் 3749 வரை எண். ஒன்றுபோல் ஒன்று, அத்தனை படம், ஆகவே தேடுபொறிக்கு எந்த மரப்பெட்டியைக் காட்டினாலும் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் சக்கரமில்லாத ஒரு பெட்டியைக் கொலராடோவிலிருந்து மலை மலையாகத் தாண்டிக் கொண்டுவந்து சான்டா குரூஸில் கோழி வளர்க்க யாருக்குப் பைத்தியம்?

உங்கள் நண்பர் வீடு இருக்கிற மலை வழியாகவே 1880ல் ஒரு நேரோ கேஜ் ரயில் போயிற்று: சவுத் பசிபிக் கோஸ்ட். அலமீடாவிலிருந்து நூவார்க், சான் ஹோசே, லாஸ் கேட்டோஸ், அப்புறம் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து சான்டா குரூஸ். 1887ல் சதர்ன் பசிபிக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. 1906 பூகம்பத்தில் ரைட்ஸ் சுரங்கத்துக்குள் மலையே நகர்ந்து பாதை விலகிப் போனது. திரும்பக் கட்டும்போது அகலப்பாதையாகவே (இங்கே அது ஸ்டாண்டர்ட் கேஜ், நம் ஊர் பிராட் கேஜ் இல்லை) கட்டிவிட்டார்கள், 1909ல் வேலை முடிந்தது. அப்போது வேண்டாத குறுகிய பெட்டிகளில் கொஞ்சம் வேறு ரயில்களுக்குப் போயிற்று, கொஞ்சம் சக்கரத்தைக் கழற்றிவிட்டு விவசாயிகளுக்குப் போயிற்று. தானியம் போட, கருவி வைக்க, கோழி வளர்க்க.

ஆகவே என் பதில்: சவுத் பசிபிக் கோஸ்ட் பாக்ஸ் கார். செய்தது நூவார்க்கில் இருந்த கார்ட்டர் பிரதர்ஸ் பட்டறை. நூற்றுக்கு நூறு.

ஜனவரி 11

மேலே எழுதியதை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. 6 படத்தைப் பார்த்து நூற்றுக்கு நூறாம். நான் சொன்னதெல்லாம் ஊரை வைத்துச் சொன்னது, பெட்டியை வைத்து ஒன்றுமே சொல்லவில்லை. வீடு அந்தப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது நல்ல துப்பு, அவ்வளவுதான். லாரி வந்த பிறகு ஒரு பெட்டியை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போயிருக்கலாம்.

படத்திலேயே கவனிக்க வேண்டிய இன்னொரு சிக்கல் நீளம். 28 அடி வருகிறது என்கிறீர்கள். நேரோ கேஜ் என்றால் குட்டை என்று நினைத்துவிடக்கூடாது. 1870களில் அகலப்பாதையில் ஓடிய பாக்ஸ் கார்களும் 28 அடிதான். அகலம் எவ்வளவு? வெளிப்பலகைக்கு வெளிப்பலகை. கூரையின் இறவாணத்தோடு சேர்த்து அளக்காதீர்கள்.

ஒருவர் ஊட்டி ரயில் மாதிரியா என்று கேட்டிருக்கிறார். ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இந்தக் கலிஃபோர்னியா ரயில்கள் 3 அடி, அதாவது 914. நம் ஊர்க் கணக்கில் நேரோ கேஜ் என்றால் 762ம் 610ம்தான், மீட்டர் கேஜைச் சேர்ப்பதில்லை. சொல் ஒன்று, அளவு வேறு. அதேபோல இங்கே சக்கரத் தொகுதியை "ட்ரக்" என்பார்கள், எழுதினால் லாரி என்று படிப்பீர்கள். நான் போகி என்றே எழுதுகிறேன். நாம் முழுப் பெட்டியையும் போகி என்று சொல்லிப் பழகியவர்கள் என்பதும் தெரியும். இங்கே போகி என்றால் கீழே இருக்கிற சக்கரச் சட்டம் மட்டும்.

ஜனவரி 18

நேரில் போய் வந்தேன். மழை, சேறு, வழியெல்லாம் பாய்சன் ஓக் செடி. இரண்டு கையும் அரிக்கிறது. வீட்டில் திட்டு.

முதலில் நல்ல செய்தி. அகலம் எட்டு அடிக்குள் அடங்குகிறது. அதைவிட முக்கியம், கீழே படுத்துப் பார்த்தால் போல்ஸ்டர் இரண்டும் அப்படியே இருக்கிறது. பெட்டியின் எடையைப் போகிமேல் இறக்குகிற குறுக்குச் சட்டம் அது. நடுவில் பெரிய முளை நிற்கிற தகடு, இரு பக்கமும் பெட்டி சாயாமல் தாங்குகிற சின்னத் தகடுகள். அகலப்பாதைப் பெட்டியில் அந்தப் பக்கத் தகடுகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும், இதில் நெருக்கமாக இருக்கிறது. குறுகிய போகிமேல் உட்கார்ந்த உடம்பு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெரியவர் சொன்னது சரி.

அடிச்சட்டங்களுக்குக் கீழே நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள், டிரஸ் ராட் என்பது, இரண்டு மீதி இருக்கிறது, மற்றவற்றுக்குத் துளை மட்டும். மரச்சட்டம் நடுவில் தொய்யாமல் இருக்க வில்லுக்கு நாண் கட்டுவது போலக் கட்டியது. நட்டுகள் சதுரம். மூலைகளில் ஆணி மட்டும் அடித்துச் சேர்க்கவில்லை, பொளி எடுத்துக் கழுந்து இறக்கியிருக்கிறார்கள். என் தாத்தா ஆசாரி, கட்டில் செய்வதற்கு அப்படித்தான் செய்வார். அதைப் பார்த்ததும் அங்கேயே கோழி எச்சத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அடிச்சட்டம் டக்ளஸ் ஃபர், வெளிப்பலகை ரெட்வுட். கிழக்குப் பக்கத்துப் பட்டறைகளில் ஓக் மரம் அதிகம் போட்டிருப்பார்கள். இங்கே பக்கத்துக் காட்டில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது கெட்ட செய்தி. கொட்டகைக்குப் பின்னால் புதரில் இரண்டு சக்கரம் கிடக்கிறது, வார்ப்பிரும்பு. இந்த வகைச் சக்கரங்களில் வார்த்த பட்டறையும் தேதியும் அச்சிலேயே விழுந்திருக்கும். கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்ததில் 1912 என்று வந்தது. 1909க்குள் போய்விட்ட ரயிலின் பெட்டிக்கு 1912 சக்கரம் எப்படி?

ஜனவரி 18, கொஞ்ச நேரம் கழித்து

காரில் வரும்போதே யோசித்தேன், ஒருவேளை இது கலிஃபோர்னியாவின் கிழக்குப் பக்கத்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்ததோ. சதர்ன் பசிபிக்கின் நேரோ கேஜ் அங்கேதான் கடைசிவரை ஓடியது, லாஸ் ஊரிலிருந்து கீலர் வரை, 1960 ஏப்ரலில்தான் நின்றது. "ஸ்லிம் பிரின்சஸ்" என்று செல்லப் பெயர். முதலில் அது கார்சன் அண்டு கொலராடோ, மவுண்ட் ஹவுஸிலிருந்து 300 மைல், 1883ல் கட்டி முடித்து, 1900ல் சதர்ன் பசிபிக்குக்கு விற்றார்கள். சான்டா குரூஸ் பக்கம் வேண்டாமென்று ஆன பெட்டிகள் அங்கே போயின. அப்புறம் 1920களின் கடைசியில் நெவாடா கலிஃபோர்னியா ஓரிகன் ரயிலை வாங்கி அகலப்பாதை ஆக்கியபோது அந்த ரயிலின் நேரோ கேஜ் சாமான்களும் அங்கே போயின. இன்று பிஷப் பக்கத்தில் லாஸ் அருங்காட்சியகத்தில் 9ஆம் எண் இன்ஜினோடு நிற்கிற பெட்டிகளைப் பார்த்தால் மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளிச் சீருடையில் நிற்கிற மாதிரி இருக்கும். எல்லாவற்றின் மேலும் ஒரே கம்பெனிப் பெயர், ஒரே நிறம்.

சக்கரம் 1912 என்றால் அந்த வழிதான் பொருந்துகிறது. நாளைக்கு யோசிக்கிறேன்.

ஜனவரி 20

யோசித்தேன். சக்கரத்தை மறந்துவிடுங்கள்.

நானே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது: போகி போகியைப் பற்றித்தான் சொல்லும், பெட்டியைப் பற்றிச் சொல்லாது. ஓடுகிற காலத்திலேயே சக்கரம் தேயத் தேய மாற்றுவார்கள், பட்டறையில் எது கையில் இருக்கிறதோ அது. சட்டை பழையதா புதியதா என்று செருப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதையெல்லாம் அடுத்தவனுக்குச் சொல்லத் தெரிகிறது. புதரில் சக்கரத்தைப் பார்த்ததும் எனக்கே மறந்துவிட்டது.

அதோடு அந்தச் சக்கரங்களின் குறுக்களவைக் கேட்டேன். கேள்வி அனுப்பிய தம்பி அளந்து அனுப்பினார், 33 அங்குலம். அது அகலப்பாதை கூட்ஸ் பெட்டியின் வழக்கமான அளவு. நேரோ கேஜில் 24, 26 என்று சின்னதாகத்தான் பார்ப்பீர்கள். ஆக அந்தச் சக்கரத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ கேட்டுக்குப் பக்கத்தில் அழகுக்கு வைக்கக் கொண்டுவந்திருப்பார்கள். அரை நாள் அதில் போயிற்று. 18ஆம் தேதி இரண்டாவது குறிப்பை அழிக்கவில்லை, லாஸ் பற்றிய விஷயமாவது யாருக்காவது பயன்படும்.

ஜனவரி 22

ஆணி பற்றிக் கேட்டவருக்கு. வெட்டு ஆணி என்பது இரும்புத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது, உடம்பு சதுரமாக இருந்து கீழே குறுகும். கம்பி ஆணி இன்று கடையில் வாங்குகிற உருண்டை ஆணி. 1890 வாக்கில் கம்பி ஆணி மேலோங்கிவிட்டது. இந்தப் பெட்டியின் வலப்பக்கம் முழுக்க வெட்டு ஆணி, இடப்பக்கம் கலப்பு. உடனே 1890க்கு முன் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஆணி சொல்வது அந்தப் பலகை எப்போது அடிக்கப்பட்டது என்பதை மட்டும். பட்டறையில் பழைய ஆணி டப்பா மீதி இருந்தால் 1900லும் அதையே அடித்திருப்பான். ஒரே பலகையில் காலி ஆணித்துளையும் ஆணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது ஒருமுறை கழற்றி மாட்டிய பலகை. அதைப் பார்க்கத்தான் கண் பழக வேண்டும்.

இன்னும் நம்பகமானது முன்பின் முகங்களில் இருக்கிற துளைகள். பழைய பெட்டிகளில் இணைப்புக்கு ஒரு சங்கிலிக் கண்ணியும் முளையும்தான், ஆள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று கையால் மாட்ட வேண்டும். எத்தனை பேர் விரல் போயிற்று, கை போயிற்று. 1893ல் சட்டம் போட்டுத் தானியங்கி இணைப்பு கட்டாயம் என்றார்கள், தவணை கொடுத்துக் கொடுத்து 1900 ஆகஸ்டில்தான் அமலுக்கு வந்தது. ஏணி, கைப்பிடிக்கெல்லாம் 1911ல் தனி விதி. ஆகவே ஒரு பெட்டியின் முகத்தில் துளைமேல் துளையாக இருக்கும், முதலில் ஒரு சின்ன வார்ப்பு, அப்புறம் பெரிய வார்ப்பு. 1911 மாதிரிக் கைப்பிடியின் தடம் இல்லை என்றால் அதற்கு முன்பே வண்டி ஓட்டத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும் என்று சொல்லத் துணிவு வரும். தம்பி, முகப்புப் படத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.

ஜனவரி 23

படம் வந்தது. இரண்டு தலைமுறை துளை இருக்கிறது. 1911 வகை கைப்பிடித் தடம் இல்லை.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். 10ஆம் தேதி கண்ணை மூடிக்கொண்டு சொன்னதற்கே திரும்பி வருகிறோம் போல. ஆனாலும் அவசரப்படவில்லை.

பிப்ரவரி 1

ராத்திரி போனோம். ஏன் ராத்திரி என்று பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், திருட வந்தோம் என்று நினைத்திருப்பார்.

விஷயம் இதுதான். பெட்டி முழுக்கக் காவிச் சிவப்பு அடித்து, எழுத்தை ஈயவெள்ளையில் எழுதுவார்கள். வெள்ளை கெட்டியாக நிற்கும், சிவப்பு சீக்கிரம் உதிரும். சிவப்பு போன இடத்தில் வெயிலும் மழையும் மரத்தை அரிக்கும், எழுத்து இருந்த இடம் மட்டும் கொஞ்சம் மேடாகத் தங்கிவிடும். அப்புறம் வெள்ளையும் போய்விட்டாலும் மேடு போகாது. பகலில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டில் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து ஓரமாக வெளிச்சம் அடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கல்வெட்டைப் படிக்கிறவர்கள் செய்வதுதான்.

முதல் 20 நிமிடம் ஒன்றும் இல்லை, கோழிக் கம்பிவலை அடித்த ஆணிகளின் நிழல்தான். பிறகு கதவுக்கு இடப்பக்கம், தோள் உயரத்தில், "எஸ்". நான் கத்தியதில் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் "பி". அதற்கு அடுத்த மூன்று பலகை புதிது, கம்பி ஆணி, யாரோ ஜன்னல் வெட்டி மூடியிருக்கிறார்கள். மூன்றாவது எழுத்து இருந்ததா இல்லையா என்பது அந்த மூன்று பலகையோடு போயிற்று.

பிப்ரவரி 2

நேற்றுப் போட்ட படத்துக்குக் கீழே வந்த வாதம்: எஸ் பி என்றால் சதர்ன் பசிபிக், விஷயம் முடிந்தது, சவுத் பசிபிக் கோஸ்ட் இல்லை. இல்லை, முடியவில்லை. எழுத்து உரிமையாளரைச் சொல்கிறது, அதுவும் கடைசி உரிமையாளரை. குத்தகைக்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் என்ன எழுத்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். நாம் தேடுவது பிறந்த வீட்டை.

அதோடு எழுத்தின் இடத்தைப் பாருங்கள். இரண்டே எழுத்து என்றால் கதவுக்கும் மூலைக்கும் நடுவில் சமமாக வைத்திருப்பான் பெயிண்டர். இதில் இரண்டும் இடதுபக்கம் ஒதுங்கி நிற்கிறது. மூன்றாவதற்கு, கோஸ்ட் என்பதன் "சி"க்கு, இடம் விட்ட மாதிரி. இது நிரூபணம் இல்லை, பெயிண்டரின் கண்ணளவை நம்பி நான் சொல்வது.

பிப்ரவரி 8

கார்ட்டர் யார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தாமஸ் கார்ட்டர், மார்ட்டின் கார்ட்டர், சகோதரர்கள். 1874ல் மான்ட்ரே பக்கம் போட்ட நேரோ கேஜில் ஆரம்பம். அப்புறம் நார்த் பசிபிக் கோஸ்ட் என்ற வேறொரு ரயிலின் வேலைக்காக சாசலிட்டோ, கடைசியில் நூவார்க், 1902 வரை. பெட்டியை முழுதாகச் செய்து அனுப்புவதைவிட மரத்தை அறுத்துப் பொளி போட்டு, வார்ப்பு இரும்பைச் சேர்த்துக் கட்டாக அனுப்பி, ரயில் போடுகிற இடத்திலேயே கோத்துக்கொள்ளச் செய்வதில் கெட்டிக்காரர்கள். தொடக்க காலப் போகிகளின் சட்டம்கூட மரம்தான். ஹவாயில் ஓஹூ ரயிலுக்கும் பெட்டி போயிருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பவல் தெருவில் நாம் விருந்தாளிகளைக் கூட்டிப்போய் வரிசையில் நிற்க வைக்கிறோமே, அந்தக் கேபிள் கார்களிலும் 1893, 94ல் இவர்கள் செய்தவை உண்டு.

நூவார்க் என்றால் இன்று நம் ஆட்கள் தோசை மாவு வாங்கப் போகிற நூவார்க்தான். நூவார்க்கிலிருந்து சென்டர்வில் வரை ஒரு கிளைப்பாதை இருந்தது, இன்ஜின் கிடையாது, கூட்ஸ் பெட்டியைக் குதிரை இழுத்தது. ஃபிரீமான்ட்டில் 15 வருடம் இருந்தும் அது எனக்குத் தெரியாது, மகளை ஆர்டன்வுட் பண்ணைக்கு ஆடு பார்க்கக் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது. ஆடு பார்க்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

பிப்ரவரி 15

ஆர்டன்வுட்டில் இருக்கிற கார்ட்டர் பெட்டிகளை டேப் வைத்து அளந்தேன். வெளிநீளம் அகலம் இல்லை, அதை வைத்து ஒன்றும் ஆகாது. கழுந்தின் தடிமன், டிரஸ் ராட் துளைகளின் இடைவெளி, ஓரச் சட்டத்தில் கம்பு செருகுகிற வார்ப்புப் பையின் வடிவம், கதவு ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட் இடைவெளி. பிறகு கொட்டகையில் அதே இடங்கள்.

மூன்று ஒத்துப்போயிற்று. கதவுத் தண்டவாளம் ஒத்துப்போகவில்லை. கதவே மாற்றியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பழைய போல்ட் துளைகள் மரக்கட்டை வைத்து அடைத்திருக்கின்றன, அந்த அடைத்த துளைகளின் இடைவெளியை அளந்தால் சரியாக வருகிறது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, தம்பி. அவர் இதுவரை ஒரு ரயில் பெட்டியையும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

பிப்ரவரி 16

22ஆம் தேதிக் குறிப்பில் இடப்பக்கம் ஆணி கலப்பு என்று எழுதியிருந்தேன். தவறு. வெளியே நின்று பார்த்து இடம் என்றும் உள்ளே நின்று பார்த்து வலம் என்றும் கலந்து எழுதிவிட்டேன். எழுத்து இருக்கிற பக்கம்தான் கலப்பு. இதனால் முடிவு மாறாது, ஆனால் யாராவது அளக்கப் போனால் குழம்புவார்கள்.

பிப்ரவரி 22

காலை 7 மணிக்கு போன். பெட்டிக்குள் கோழி முட்டையிட மூன்று அடுக்குத் தட்டு அடித்திருக்கிறார்கள் அல்லவா, அதைக் கழற்றினார்களாம். தட்டுப் பலகை நான்கும் ரெட்வுட், ஒரு பக்கம் சிவப்புச் சாயம், சாயம் உள்ள பக்கம் கீழே பார்க்க அடித்திருக்கிறது. வெட்டி எடுத்த பலகையை வீணாக்க மனம் இல்லாமல் உள்ளேயே போட்டிருக்கிறான், புண்ணியவான். நூறு வருடம் வெயில் படாததால் இரண்டு பலகையில் வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

போகும் வரை யாரும் துடைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிப்ரவரி 22, இரவு

இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு பெரிய வளைவு, வலப்பக்கம் திறந்தது. "சி". மேல் நுனியும் கீழ் நுனியும் தெளிவாக முடிகின்றன, "ஓ" ஆக இருக்க வழியில்லை. பலகையின் விளிம்பில் இருக்கிற நாக்கு, சுவரில் "பி"க்குப் பக்கத்துப் பலகையின் காடியில் சரியாக உட்கார்கிறது. மூன்றாவது பலகையில் ஒரு எண்ணின் அடிப்பகுதி, வாலை மட்டும் வைத்து எண்ணைச் சொல்ல மாட்டேன். 1912 சக்கரத்தில் பட்டது போதும்.

மார்ச் 1

வாசலில் மாட்ட ஒரு பலகை எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார், ஷெட் யோசனையை விட்டுவிட்டார். எழுதிக் கொடுத்தது: உடல், சவுத் பசிபிக் கோஸ்ட், கார்ட்டர் பிரதர்ஸ் வேலைப்பாடு. கதவு பிற்காலத்தது. இணைப்பு ஒருமுறை மாற்றியது. ஜன்னல் கோழிக்காக. புதரில் இருக்கும் சக்கரங்கள் இந்தப் பெட்டியுடையவை அல்ல.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் படித்துவிட்டு, முதலில் சொன்னவன் நான், என் பெயரைக் காணோமே என்று கேட்டாராம்.